தவசிமுத்துவின் எண்பத்து நான்கு சத்தங்கள்

அன்று மேடையில் இருந்தவர்கள்: பாடகரும் குழுவின் சொந்தக்காரருமான கோமதிநாயகம், பெண் குரலுக்கு ஒருவர், கீபோர்டில் பெலிக்ஸ், லீட் கிட்டார் ஒருவர், தபேலா ஒருவர், டிரம்ஸ் ஒருவர், அறிவிப்பாளர் ஒருவர், பின்வரிசையில் பேஸ் கிட்டாரோடு தவசிமுத்து. மொத்தம் எட்டு. மேடைக்குக் கீழே இடது ஓரத்தில் மிக்ஸரோடு நான். எனக்கு முன்னால் கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டியார் ஆறு பேர், தலைவர் சுடலைக்கண்ணுவையும் சேர்த்து. நாற்காலிகள் நானூற்றிருபது, அதில் காலி பதினேழு. தரையில் இருந்த பிள்ளைகளை எண்ண முடியவில்லை, அவர்கள் ஓரிடத்தில் இருக்கவில்லை. என் மனைவி செல்லம் வரவில்லை. அவள் கச்சேரிக்கு வருவதை நிறுத்திப் பதினோரு வருஷம் ஆகிறது.

மருதன்கோட்டையில் மைக் செட் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். கோமதிநாயகம் குழு எங்கள் பக்கம் வந்தால் என் செட்தான். இருபத்தேழு வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கச்சேரி. இருநூற்றுப் பன்னிரண்டிலும் தவசிமுத்து பின்வரிசையில் அதே சிவப்பு பேஸ் கிட்டாரோடு நின்று வாசித்தான், இருநூற்றுப் பதினொன்றில் அவன் வாசித்தது யாருக்கும் கேட்கவில்லை.

அதற்குக் காரணம் குழாய் ஸ்பீக்கர். எங்கள் ஊர்க் கொடையில் வேப்பமரம், புளியமரம், தந்திக் கம்பம் என்று இருபத்திரண்டு குழாய் கட்டுவோம், நாலு மைல் கேட்கும். ஆனால் குழாயில் தாழ்ந்த சத்தம் வராது. வருகிற கொஞ்சத்தையும் கமிட்டியார் விடமாட்டார்கள். "வே செட்டு, அந்த டும்மு டும்மைக் குறையும் வே, சாமியாடிக்கு நெஞ்சு அடைக்காம்" என்று ஆள் வரும். நானும் குறைப்பேன். பத்து வரை திருகலாம் என்றால் தவசிமுத்துவின் திருகு இரண்டில் நிற்கும். அவன் மேடையிலிருந்து என்னைப் பார்ப்பான். நான் வயரைப் பார்ப்பேன்.

இந்தப் பங்குனிக் கொடைக்கு சுடலைக்கண்ணுவின் மருமகன் பம்பாயிலிருந்து ஆள் உயரப் பெட்டி ஸ்பீக்கர் நான்கு வாங்கி அனுப்பியிருந்தார். அதனால் பங்குனி மூன்றாம் தேதி சாயங்காலம் ஆறு பத்துக்கு, ஏழாவது பாட்டு முடிந்து, வழக்கம்போல அறிவிப்பாளர் ஒவ்வொரு கலைஞரையும் பேர் சொல்லி அறிமுகம் செய்ய, அவரவர் கொஞ்சம் வாசித்துக் காட்ட, வழக்கமாகத் தவசிமுத்துவுக்கு முந்தி நின்றுவிடுகிற அந்த வரிசை, அன்று நிற்காமல் அவன் வரைக்கும் போனது. "பேஸ் கிட்டார், தவசிமுத்து" என்றார் அறிவிப்பாளர். நான் திருகை எட்டுக்கு வைத்தேன்.

பேஸ் கிட்டாருக்கு நான்கு கம்பி. கழுத்தில் இருபது கட்டம். கட்டத்தில் விரல் வைக்காமல் வெறுங்கம்பியைத் தட்டுவதையும் சேர்த்தால் கம்பிக்கு இருபத்தொரு இடம், நான்கு கம்பிக்கு எண்பத்து நான்கு. ஒரே சுருதி இரண்டு இடத்தில் வரும், ஆனால் குரல் வேறு. தவசிமுத்து தடித்த கம்பியின் வெறுங்கம்பியில் ஆரம்பித்து, ஒரு இடமும் விடாமல், ஒன்றையும் இரண்டு தடவை தொடாமல், எண்பத்து நான்கையும் வாசித்தான். நாற்காலிகள் நடுங்கின, சோடா பாட்டிலில் கோலி தானாக ஆடியது, வெற்றிலை போட்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள், ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அப்படியே நின்றதால் அப்போது மட்டும் எண்ண முடிந்தது, நூற்று எட்டுப் பேர். பிறகு எல்லோரும் கை தட்டினார்கள். தவசிமுத்து தலை குனிந்து கும்பிட்டான். எட்டாவது பாட்டு ஆரம்பித்தபோது அவன் கிட்டாரில் சத்தம் இல்லை.

முதலில் வயரை மாற்றினேன். என்னிடம் நாற்பத்தாறு வயர், ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதியிருக்கும். ஒன்பதை எடுத்துவிட்டுப் பன்னிரண்டைப் போட்டேன். இல்லை. லீட் கிட்டாரை அவன் ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன், பாடியது. அவன் கிட்டாரை லீட் ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன், ஊமை. மறுநாள் காலை பள்ளிக்கூட வராந்தாவில் வைத்துப் பிரித்தோம். ஜாக்கில் துரு இல்லை. ஈயப் பற்று எங்கும் விடவில்லை. திருகில் தூசி இல்லை. கம்பியின் அதிர்வைக் கரண்டாக்குகிற பிக்கப் சுருளில் மீட்டர் வைத்தேன், கம்பியைத் தட்டும்போதெல்லாம் முள் துள்ளியது. கரண்ட் இருக்கிறது, கம்பி அதிர்வது கண்ணுக்குத் தெரிகிறது. புதுக் கம்பி நான்கு மாட்டினோம். அதுவும் அதிர்ந்தது. வெறும் மரத்தில் நகம் படுகிற 'டிக்' மட்டும் வந்தது. எட்டுத் திருகாணியையும் திரும்ப முடுக்கினேன். ஒன்றும் மிச்சம் இல்லை.

"அண்ணாச்சி, எல்லாம் சரியா இருக்குங்கீயளா?" என்றான் தவசிமுத்து.

"எல்லாம் சரியா இருக்கு."

"அப்ப எங்க போச்சு?"

போன இடம் அன்று பதினொரு மணிக்குத் தெரிந்தது. பீடி சுற்றுகிற இசக்கியம்மாள் மடியில் வைத்திருந்த தட்டோடு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். "கிட்டார்க்காரரே, என் தட்டுல உம்ம சத்தம் கெடக்கு, கை வச்சுப் பாரும்" என்றாள். கை வைத்தோம். இலைக்கும் தூளுக்கும் கீழே, தட்டின் மூங்கிலுக்குள், மூன்றாவது கம்பியின் ஐந்தாம் கட்டம் விம்மிக்கொண்டிருந்தது. காதை வைத்தால் கேட்டது, கையை வைத்தால் தெரிந்தது.

"காலையில இருந்து ஆயிரத்து முந்நூறு சுத்திட்டேன். கை வலிக்கலை. இருந்தாலும் உம்ம பொருளு உமக்கு வேணும்லா. எடுத்துக்கிடும்" என்றாள்.

அவள் அதைச் சொன்னதும் தவசிமுத்து அந்தக் கம்பியின் அந்தக் கட்டத்தில் விரலை அழுத்தினான். தட்டு அடங்கியது, கிட்டார் பேசியது. ஒன்று. வைத்திருப்பவர் தன் வாயால் "எடுத்துக்கோ" என்றால்தான் சத்தம் திரும்பும் என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

மற்றவை எங்கெங்கே விழுந்திருந்தன என்று நான் நோட்டுப் போட்டு எழுதினேன். ரேஷன் கடை மண்ணெண்ணெய்ப் பேரல், பால் சொசைட்டியின் நாற்பது லிட்டர் கேன், சலூன் நாற்காலி, பள்ளிவாசலில் கை கால் கழுவுகிற ஹவுல் தொட்டி, தையல்காரர் இஸ்திரி மேசை, மேலத்தெரு அரிசிப் பானைகள் பதினொன்று, கீழத்தெருக் கட்டில்கள் ஒன்பது, தலைவர் வீட்டு பீரோ, இப்படி. யாரும் பயப்படவில்லை. கொடைக்கு வந்த விருந்தாளியில் ஒருவர் தங்கிவிட்டதுபோல எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் சத்தத்துக்கு விபூதி பூசினார்கள். மூன்றாம் நாள் அதன்மேல் துணி காயப்போட்டார்கள். அழுகிற பிள்ளையை அரிசிப் பானையில் சாய்த்தால் தூங்கியது, உதைக்கிற மாடு சொசைட்டி கேனைக் கண்டால் நின்று கறந்தது, இருபது வருஷமாகப் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே சலூன் நாற்காலிக்காகக் காத்திருந்ததில் பேசிக்கொண்டார்கள், அதுவும் சண்டைதான் என்றாலும் பேச்சுத்தானே. ஒரு வாரத்துக்குள் பெண் பார்க்க வந்தவர்கள் "வீட்டில சத்தம் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சத்தம் விழாத வீட்டுக்காரர்கள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க முந்த முடியவில்லை. "போடி சத்தமத்தவளே" என்று ஒரு புது வசவு வந்தது.

சத்தத்தை வாசித்தவன் கல்யாண மண்டபத்தின் பின்னறையில், இலைக்கட்டுகளுக்கு நடுவில் தங்கியிருந்தான். அவன் சாப்பிட்டானா என்று கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி இசக்கியம்மாள், இன்னொருவர் சலூன்காரர்.

கோமதிநாயகம் போகும்போது கெடு வைத்துவிட்டுப் போயிருந்தார். அடுத்த கச்சேரி பங்குனி இருபத்திரண்டு, பக்கத்து ஊரான ஆலடிக்குளத்தில். "தவசி, நான் ஒன்னைய வெரட்டலை. ஆனா பெலிக்ஸு இடது கையில பேஸும் சேத்து வாசிச்சுக்கிடுதேன்னு நாலு வருசமாச் சொல்லுதான். நான்தான் தள்ளிப் போட்டேன். இருபத்திரண்டுக்குள்ள கிட்டாரு பேசலைன்னா பெறவு என் கையில ஒண்ணும் இல்ல பாத்துக்கோ." தவசிமுத்துவுக்கு ஐம்பத்து நான்கு வயது. வேறு தொழில் தெரியாது. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை, பின்வரிசையில் நிற்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று அவனே சிரித்துக்கொண்டு சொல்வான்.

ஆகவே நாங்கள் வீடு வீடாகப் போனோம். அவன் கிட்டாரோடு, நான் நோட்டோடு. எனக்கு ஆள் பார்த்துப் பேசக் கூச்சம், அதனால் வாசலில் நின்று எண்ணிக்கை மட்டும் குறித்துக்கொள்வேன். அவன்தான் கேட்பான். "அக்கா, ஒங்க பானையில என் சத்தம் ஒண்ணு இருக்கு." சிலர் கொடுத்தார்கள். சிலர் "நாளைக்கு வாரும்" என்றார்கள். ஒருவர் பானை மேல் உட்கார்ந்துகொண்டு பானையே இல்லை என்றார். பன்னிரண்டு நாளில் இருபத்து மூன்று சத்தம் திரும்பியது.

அவன் தேடியது முக்கியமாக ஒன்றை. தடித்த கம்பியின் வெறுங்கம்பிச் சத்தம், அன்று முதலில் வாசித்தது. "அதுதான் அண்ணாச்சி தரை. மத்ததெல்லாம் அது மேல நிக்கணும். அது இல்லாம இருபத்து மூணு வச்சிருந்தாலும் ஒண்ணுதான், எண்பத்து மூணு வச்சிருந்தாலும் ஒண்ணுதான்" என்பான். ஒவ்வொரு வீட்டிலும் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இது இல்ல" என்று என்னைத் திரும்பிப் பார்ப்பான்.

என் நோட்டில் எண்பத்து மூன்று இடங்கள் எழுதியிருந்தன. எண்பத்து நான்காவது என் வீட்டில் இருந்தது. அதை நான் எழுதவில்லை.

குழாய்களைப் போட்டு வைக்கிற இரும்புப் பெட்டிக்குள் அது இருந்தது. செல்லத்தின் கட்டிலுக்கு அடியில் அந்தப் பெட்டி. கல்யாணமான புதிதில் எனக்கு உதவிக்கு ஆள் இல்லை. நான் மிக்ஸரில் இருந்துகொண்டு "ஒன், டூ, த்ரீ" சொல்வேன், செல்லம் ஒவ்வொரு குழாயின் வாயிலும் போய் நின்று, கேட்டால் கையைத் தூக்குவாள். பத்தொன்பது வருஷம், கொடைக்கு இருபத்திரண்டு குழாய். பிறகு அவள் காதுக்குள் ஒரு விசில் வந்தது. நிற்காத விசில். பதினோரு வருஷமாக அவள் ஒரு தடவையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லை. நெல்லையில் நாலு டாக்டரும் மதுரையில் இரண்டு டாக்டரும் பார்த்தார்கள். பங்குனி மூன்றாம் தேதி ராத்திரி அந்தப் பெட்டிக்கு மேலே கட்டிலில் படுத்துத் தூங்கியவள் மறுநாள் மத்தியானம் எழுந்தாள். "விசில் நின்னுட்டு" என்றாள். அவள் என்னிடம் அவ்வளவு மெதுவாகப் பேசி வருஷக்கணக்காகியிருந்தது, விசிலுக்கு மேலே கேட்க வேண்டுமென்று எப்போதும் கத்தித்தான் பேசுவாள்.

நான் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, தவசிமுத்துவோடு வீடு வீடாகப் போனேன்.

பதின்மூன்றாம் நாள் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் போட்டார்கள். சுடலைக்கண்ணு பேசினார்.

"ஏய், தவசிமுத்து. சாமி பொறப்படும்போது சூறைத் தேங்கா விடுதோம். செதறுன சில்லு யாருக்கு?"

"பொறுக்குனவங்களுக்கு அண்ணாச்சி."

"தேங்கா வாங்கிக் குடுத்தவன் மறுநா வீட்டு வாசல்ல வந்து நின்னு என் சில்லைத் தாங்கன்னு கேப்பானா?"

"நான் சூறை விடலையே அண்ணாச்சி. வாசிச்சேன்."

"யாருக்கு வாசிச்சே?"

"ஊருக்கு."

"அப்ப ஊரு வாங்கிக்கிட்டு. இதுல என்ன வழக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். தவசிமுத்துவும் கொஞ்சம் சிரித்தான், பெரியவர் பேசும்போது சிரிக்காமல் இருப்பது மரியாதை இல்லை என்பதால். இசக்கியம்மாள் மட்டும் பெண்கள் பக்கத்திலிருந்து, "தலைவர் வீட்டு பீரோ சத்தத்தையும் சேத்துத்தான் சொல்லுதீரோ?" என்றாள். அவளை உட்காரச் சொன்னார்கள். சுடலைக்கண்ணு கடைசியில் என் பக்கம் திரும்பி, "செட்டு அண்ணாச்சி நோட்டு வச்சிருக்காருல்லா, அவரு கணக்கு தப்பாது. எத்தனை வே?" என்று கேட்டார்.

"எண்பத்து மூணு" என்றேன்.

"ஒண்ணு எங்க?"

"கெடைக்கலை."

அதற்கு மறுநாளிலிருந்து, கொடுத்தவர்கள் திரும்பக் கேட்டு வர ஆரம்பித்தார்கள். கல்யாண மண்டபத்துப் பின்னறை வாசலில் வரிசை நின்றது. ஒருத்தி பிள்ளை தூங்கவில்லை என்று பிள்ளையையே கொண்டுவந்து காட்டினாள். ஒருவர் மாடு உதைத்த காலைக் காட்டினார். ஒருவர் காட்ட ஒன்றும் இல்லாததால், "நான் அன்னைக்கு விளையாட்டுக்கு எடுத்துக்கோன்னேன்" என்றார். தவசிமுத்து ஒவ்வொருவருக்கும் அவரவர் கட்டத்தை அழுத்தி, "போய்க்கோ" என்று விட்டான். நான்கு நாளில் இருபது போயிற்று.

"ஏன் தம்பி குடுக்கே?" என்று நான் கேட்டேன். கேட்க எனக்கு என்ன உரிமை என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"இருபத்தேழு வருசத்துல என் சத்தத்தைக் கேட்டு ஒருத்தரும் வந்ததில்ல அண்ணாச்சி. இப்ப வரிசையில வந்து நிக்காவ. இல்லைன்னு எப்படிச் சொல்லுவேன்?"

மூன்று மிஞ்சின. இசக்கியம்மாள் கேட்கவில்லை. சலூன்காரர் கேட்கவில்லை. மூன்றாவது வீட்டார் குடும்பத்தோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள், அதனால் கேட்கவில்லை.

இருபதாம் தேதி கோமதிநாயகம் வந்து கிட்டாரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்று கட்டம் பேசியது. அவர் கெட்ட மனிதர் இல்லை. "தடிச்ச கம்பியோட வெறுங்கம்பிச் சத்தம் ஒண்ணு இருந்தாக்கூட ஒப்பேத்திரலாம் தவசி. தரை கெடைச்சா மேல இந்த மூணை வச்சுப் பாட்டை நடத்திரலாம், மத்த எடத்துல பெலிக்ஸு கை குடுப்பான். அது ஒண்ணு கெடைக்காதா?" என்றார். தவசிமுத்து என்னைப் பார்த்தான். "அண்ணாச்சி ஊரெல்லாம் தேடிட்டாரு" என்றான்.

அன்று வீட்டுக்குப் போய்ப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். சாவியைப் பூட்டில் போட்டேன். செல்லம் வேலையாக இருந்தாள், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். அவள் பாடுவாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. "என்ன, பெட்டியில எதும் எடுக்கணுமா?" என்றாள். "இல்ல, துரு புடிச்சிருக்கான்னு பாத்தேன்" என்றேன். சாவியை எடுத்துவிட்டேன்.

இருபத்திரண்டாம் தேதி ஆலடிக்குளத்தில் கச்சேரி நடந்தது. மேடையில் ஏழு பேர். பெலிக்ஸ் வலது கையில் கீபோர்டும் இடது கையில் பேஸும் வாசித்தான். குறை ஒன்றும் இல்லை. முந்நூற்றைம்பது நாற்காலியும் நிறைந்திருந்தது, அதில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தவசிமுத்து என் பக்கத்தில், வயர்களுக்கு நடுவில், கிட்டாரைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றான். அறிமுகம் ஆரம்பித்தபோது நிமிர்ந்தான். அறிவிப்பாளர் டிரம்ஸோடு நிறுத்திக்கொண்டார். அந்த ஊர்க் கமிட்டிக்காரர் ஒருவர் இடைவேளையில் என்னிடம் வந்து, "இன்னைக்கு செட்டு பிரமாதம் வே, ஒரு இரைச்சல் இல்ல" என்றார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தவசிமுத்து சொல்லிக்கொண்டு போக என் வீட்டுக்கு வந்தான். பத்து நாற்பதுக்கு பஸ். இருபத்தேழு வருஷத்தில் அவன் என் வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. எப்போதும் செட் கடையோடு சரி. நான் வாசலிலேயே நிறுத்தியிருக்கலாம், ஆனால் வந்தவனை உள்ளே கூப்பிடாமல் இருக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தேன். பாதித் தம்ளர் குடித்தவன் நிறுத்தினான்.

அவன் தன் உள்ளங்காலைத் தரையில் நன்றாகப் பதித்தான். செருப்பை வாசலில் கழற்றியிருந்தான். சிமெண்டுத் தரை வழியாக அது வந்துகொண்டுதான் இருந்தது, எனக்கே தெரிந்தது.

பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் செல்லம் தூங்கிக்கொண்டிருந்தாள், வாய் லேசாகத் திறந்து, ஒரு கை கீழே தொங்கி இரும்புப் பெட்டியின் மேல் பட்டபடி. தவசிமுத்து அவளைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"மதினிக்குத் தூக்கம் இல்லைன்னு முன்ன ஒருக்கா சொன்னியளே" என்றான்.

"இப்பப் பரவாயில்ல."

"எத்தனை நாளா?"

"இருபது நாளா."

அவன் கிட்டாரை மடியில் வைத்து, தடித்த கம்பியின் மேல் கட்டைவிரலை வைத்தான். தட்டவில்லை. வைத்தபடி காத்திருந்தான். நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 'எடுத்துக்கோ.' நான் வாயைத் திறந்தேன். உள்ளே செல்லம் புரண்டு படுத்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

"பஸ் சில நாள் அஞ்சு நிமிசம் முந்தியே வந்துரும்" என்றேன்.

அவன் கட்டைவிரலை எடுத்தான். மீதித் தண்ணீரையும் குடித்துவிட்டுத் தம்ளரைச் சத்தம் கேட்காமல் தரையில் வைத்தான். கதவு வரைக்கும் போய்த் திரும்பினான்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா? நீங்க அந்தத் திருகை எப்பவும் இரண்டுல வைப்பியளே. கமிட்டி சொல்லாத நாளும் உண்டா?"

நான் பொய் சொல்லிப் பழகியிருந்தேன், ஆனால் கணக்கில் பொய் சொல்ல எனக்கு வராது. ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியாயிற்று, அது போதும்.

"கமிட்டி சொன்னது நாற்பது தடவை இருக்கும். மத்ததெல்லாம் நானே வச்சது. யாராவது வந்து சொல்லிருவாங்களோன்னு."

"சரி அண்ணாச்சி" என்றான்.

பஸ் நாலு நிமிஷம் முந்திப் பத்து முப்பத்தாறுக்கே வந்தது, அவன் ஏறினான். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. நான் வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து, எண்பத்து மூன்றுக்குக் கீழே இன்னொரு வரி எழுதினேன், இடம் என்ற கட்டத்தில் என் பேரைப் போட்டேன். அவன் கொண்டுபோனது மூன்று. ஊரில் இருப்பது, என் வீட்டையும் சேர்த்து, எண்பத்தொன்று.